கழுத்தில் இறகில்லாத ஒன்பது சாட்சிகள்

அண்ணி,

இன்று காலை கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டு மூடிக் கிடந்தது. உலகத்து நிலக்கரியையெல்லாம் ஒரே நடையில் இழுத்துப் போய்விடும் பிடிவாதத்தோடு ஒரு சரக்கு வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு கூடைக்காரி குந்தியிருந்தாள். வண்டி போகிறவரை சும்மா இருப்பானேன் என்று அவள் கூடையிலிருந்து இரண்டு முட்டைகளை எடுத்துக் காதருகே பிடித்து ஒன்றோடொன்று மெல்லத் தட்டினாள். டிக். அடுத்த இரண்டு. டிக். அதற்கடுத்த இரண்டில் சத்தம் சொத்தையாக வந்தது. ஒன்றைத் தனியே எடுத்து வைத்தாள்.

ரயில்வே கேட்டு திறந்தது. எல்லோரும் போகவேண்டிய இடத்துக்குப் போனார்கள். என் கால்கள் மட்டும் என்னைக் கேட்காமல் துறைமுகத்தின் பக்கம் திரும்பிவிட்டன.

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. இந்த நாற்பது நாளில் நான் நடந்த நடையை நீட்டிப் போட்டால் வேளாங்கண்ணிக்கு ஏழு முறை போய்த் திரும்பலாம், அதில் ஒரு முறை முழங்காலில். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் வாசலுக்குப் போகத் தோன்றுகிறது. வாசலுக்குப் போனால் எதற்கு வந்தோம் என்று தெரிவதில்லை. இந்த மடலைக்கூட ஜன்னல் பலகையில் காகிதத்தை வைத்து நின்றபடியேதான் எழுதுகிறேன்; நான்கு வரிக்கு ஒரு தரம் தெருமுனைவரை போய் வருகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், நீங்கள் நினைக்கிற காரணமல்ல.

இந்த வியாதி எனக்குப் புதிதல்ல. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கோடையில் மூன்று வாரம் இப்படித்தான் நடந்தேன். அப்போது அதை எனக்குக் கொடுத்தவர் நீங்கள்.

துறைமுகத்தில் அண்ணனின் இடுப்பில் பேல் என்கிற பெரிய தோல்கட்டு ஒன்று விழுந்து அவர் படுக்கையோடு ஒட்டிப்போன வருஷம் அது. வீட்டுக்கென்று ஐந்து கோழி வைத்திருந்த நீங்கள் ஆறே மாதத்தில் முப்பது கோழிக்கு அதிபதியானீர்கள். கூண்டுக்கான பலகை என் உபயம். துறைமுகத்தில் சரக்கு எண்ணிக் குறிக்கும் குமாஸ்தா நான். அதாவது, அந்தத் துறைமுகத்தின் முக்கால் பாரம் என் தோளில்தான் நின்றது, மீதிக் கால் பங்கைக் கிரேன்கள் பார்த்துக்கொண்டன. உடைந்த சரக்குப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து நானே கூண்டு கட்டினேன். 'இந்தப் பக்கம் மேலே' என்று இங்கிலீஷில் அச்சடித்த பலகையைத் தலைகீழாக அடித்திருந்தேன். ராயபுரத்துக்கே அது தெரியும், என்னைத் தவிர.

தவிடும் கேழ்வரகும் நீங்களே பிசைவீர்கள். எண்ணூர்க் கழியின் கிளிஞ்சலை இடித்துத் தூவுவீர்கள், ஓடு கெட்டியாக வர. மத்தியானம் காசிமேட்டுக்கு நடந்துபோய் இறால் தலை வாங்கி வருவீர்கள். அதில் ஒரு கைப்பிடி. ஒரு கைப்பிடிக்கு மேல் போனால் முட்டை மீன் வாடை அடிக்கும் என்று என் கையைத் தட்டிவிடுவீர்கள். மஞ்சள் கரு மாலைச் சூரியன்போல இருக்கும். அந்த முட்டையை உடைத்து வைத்தால் தெருவில் விளக்கே ஏற்ற வேண்டாம் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வந்தேன்.

இதற்கு நடுவில் மீஞ்சூரிலிருந்து உங்கள் அண்ணன்மார் ஆள் அனுப்பினார்கள். ஈஸ்டர் போய், அதற்கு ஐம்பதாம் நாள் வரும் பெந்தெகொஸ்தே திருநாளும் கழிந்ததும் மாட்டுவண்டியோடு வருகிறோம், வீட்டைக் காலி செய்துவிட்டு மாப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்துவிடு, இங்கே சோற்றுக்குக் குறைவில்லை என்று. நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அதுதான் உங்களை எரித்தது.

"அங்க போனா நான் சோத்துக்கு நிக்கறவ, ஜமீனு. இங்க நான் முட்டக்காரி" என்றீர்கள். ஜமீன் என்பது நான்தான். எனக்கிருந்த ஒரே பூமி என் செருப்புக்கு அடியில் இருந்த பூமி என்பதால் நீங்கள் வைத்த பட்டம்.

வண்டியைத் திருப்பி அனுப்ப ஒரே வழி, ரங்கூன் போகும் கப்பல். அந்தக் கப்பலின் சமையல் பொறுப்பு கோவாக்கார பட்லர் ஒருவரிடம். நடைக்கு நடை முட்டை வாங்க அவர் சம்மதித்தால் வீடு நிற்கும். ஆனால் முதல் நடைக்கு நாம் கொடுத்த முட்டையில் கேப்டன் காலைச் சாப்பாட்டுக்கு ஒன்றை உடைத்தபோது உள்ளிருந்து ஒரு சின்னக் கால் எட்டிப் பார்த்ததாம். அது சல்யூட் அடித்தது என்று நான் சேர்த்துக்கொண்டேன். பட்லர் சிரிக்கவில்லை.

"அம்மா, சேவ வேணாம். சேவ இருந்தா முட்டை உள்ள உசிரு. நம்ம ஊரு சூடு போதும், கப்பல்ல குஞ்சு ஆவுது. இன்னும் ஒரு தடவை. சேவ இல்லாம. அப்புறம் இல்லே."

அந்த ஈஸ்டருக்கு உங்கள் சேவல் குழம்பில் உயிர்நீத்தது.

இந்த இடத்தில் திவான் மேடைக்கு வருகிறார். திருவொற்றியூரில் ஒரு ரயில்வே பாயிண்ட்ஸ்மேனோடு நான் பந்தயம் கட்டி வென்ற சேவல். பந்தய விவரம் என் மரியாதை கருதி வேண்டாம், இட்லி சம்பந்தப்பட்டது. செம்பருத்தி நிறம், ராஜ நடை, கழுத்தில் மட்டும் ஒரு இறகு கிடையாது; பிறவியிலேயே அந்த ஜாதி. நான் அதை மார்போடு அணைத்துக் கொண்டுவந்தபோது நீங்கள் ஒரு முறை பார்த்தீர்கள்.

"இன்னா ஜமீனு, பாதி உரிச்சே வாங்கினு வந்திருக்கே?"

உங்கள் முற்றத்துப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் என் அறை. திவான் அங்கேயே கட்டிக் கிடப்பார், சுவரைத் தாண்ட மாட்டார் என்று மாதா மேல் ஆணையிட்டேன். நீங்களும் நம்பினீர்கள்.

பிறகு வெயில் ஏறியது. கோழிகள் வாயைத் திறந்துகொண்டு நிழலில் கிடந்தன, முட்டை குறைந்தது. பட்லருக்குச் சொன்னது இருபது டஜன். நீங்கள் தினமும் வெறும் கூட்டில் கையை விட்டுத் துழாவிவிட்டு முந்தானையில் துடைத்தபடி எழுந்திருப்பதைச் சுவருக்கு மேலிருந்து பார்ப்பேன். ஒருநாள் மட்டும் வாய்விட்டுச் சொன்னீர்கள்: "இப்டியே போனா மீஞ்சூரு வண்டிதான்."

எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பாயிண்ட்ஸ்மேனிடம் யோசனை கேட்டேன். ரயில்களையே வழி மாற்றி விடுகிறவனுக்குக் கோழி எம்மாத்திரம் என்று நினைத்தேன். "சேவ கூவாத வூட்ல பொட்ட எதுக்கு நைனா முட்ட வெக்கும்? மனசு வாணாம் அதுக்கு?" என்றான். உலகத்தில் இதைவிடத் தெளிவான வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

மறுநாளே ஆரம்பித்தேன். மத்தியான மணிக்கு நான் சாப்பிட வருவேன்; அந்த நேரம் நீங்கள் காசிமேட்டுக்குப் போயிருப்பீர்கள்; அண்ணன் முன்கட்டில் கண்ணயர்ந்திருப்பார். திவானைச் சுவர் தாண்டி இறக்கி அரை மணி நேரம் உலாவ விடுவேன். அரை மணியில் என்ன ஆகிவிடும்? குஞ்சு பொரிக்க வேண்டுமானால் சேவல் குடும்பம் நடத்த வேண்டாமா, இது வெறும் உத்தியோக விஜயம்தானே? கலியாணமாகாதவனின் ஞானம் அவ்வளவுதான். நீங்கள் முட்டையைக் கெடாமல் வைக்கச் சுண்ணாம்புத் தண்ணீரில் போடுவீர்கள் அல்லவா, அந்தத் தண்ணீரைக் கொட்டும் இடம் சுவரோரம்தான். திவான் ஒவ்வொரு நாளும் அந்த ஈரச் சுண்ணாம்பில் இறங்கி, அதன்பின் அரண்மனைக்குள் போவார்.

நாலாவது நாள் முட்டை கூடியது. ஏழாவது நாள் கூடை நிறைந்தது. நீங்கள் கிளிஞ்சலையும் இறாலையும் கூட்டி, கூண்டின் மேல் ஈரச் சாக்குப் போட்டிருந்தீர்கள் என்பதெல்லாம் என் கண்ணில் படவில்லை. நான் என் அறையில் திவானுக்கு முன் எழுந்து நின்று கைகூப்பினேன்.

கப்பல் புறப்படுவதற்கு முந்தைய நாள் மத்தியானம் வழக்கம்போல் சுவருக்கு மேல் தலையை நீட்டினால், நீங்கள் காசிமேட்டுக்குப் போகவில்லை. முற்றத்தில் அண்டா நிறைய வெந்நீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்து முணுமுணுவென்று செபம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அண்ணன் இடுப்புக்கு ஒத்தடம் போலும், பாவம், செபமும் சேர்த்துக் கொடுக்கிறார் என்று திவானோடு சத்தமில்லாமல் என் பக்கமே இறங்கிவிட்டேன். இரண்டு கோழிகள் மூலையில் அடைக்கு உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். எந்தக் கோழி அடைக்கு உட்கார்ந்தாலும் அதன் இறகையே பிடுங்கி மூக்குத் துவாரத்தில் செருகி எழுப்பிவிடும் நீங்கள், இந்த இரண்டையும் விட்டு வைத்திருந்தீர்கள். அதற்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று ஒரு குமாஸ்தாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மறுநாள் உமியில் அடுக்கிய கூடைகளோடு துறைமுகத்துக்குப் போனோம். ஒரு வரிசை குறைந்தது. "இவ்ளோதான் பட்லரய்யா தேறிச்சு" என்றீர்கள். அவர் ஒவ்வொரு கூடையிலும் இரண்டிரண்டாய் எடுத்துக் காதில் தட்டிப் பார்த்தார். டிக், டிக். கூடைகள் கயிற்றில் மேலே ஏற ஆரம்பித்தன. அப்போதுதான் நீங்கள், முகத்தில் ஒரு பாவமும் அறியாத குழந்தையைப்போல, அவரைக் கேட்டீர்கள்.

"ஏன் பட்லரய்யா, சேவ ஒரு தபா உள்ள பூந்துட்டுப் போச்சுன்னு வெச்சிக்குங்க. அதால எத்தினி நாளைக்குக் கெடுதி?"

"ஒரு தடவை போதும் அம்மா. பத்து நாள் முட்டை எல்லாம் குஞ்சு."

"அம்மாடி. அப்போ முட்ட வெக்கறதுக்குச் சேவ வேணும்னு சொல்றாங்களே?"

"யாரு சொல்றது? முட்டை கோழி தன்னால போடும். சேவ, குஞ்சுக்கு மட்டும்."

கடைசிக் கூடை கப்பலின் விளிம்பைத் தாண்டி உள்ளே போனது.

அந்த மூன்று வாரத்தை எப்படிச் சொல்வேன். ஒரு நாற்காலியும் என்னைத் தாங்கவில்லை. நடந்தேன். கண்ணை மூடினால் வங்காள விரிகுடா நடுவில் இருபது டஜன் குஞ்சுகள் ஒரே நேரத்தில் ஓட்டை உடைத்தன. கேப்டனின் தொப்பியில் மூன்று, சுக்கானின் மேல் ஏழு. கப்பல் ரங்கூன் துறையில் நுழையும்போது சங்குக்குப் பதிலாகக் கொக்கரக்கோ. அதற்குப் பின்னால் எப்போதும் ஒரு மாட்டுவண்டி வந்தது. அதில் அண்ணனைப் பாயோடு தூக்கி வைக்கிறார்கள், நீங்கள் வண்டியின் பின்புறம் திரும்பி உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த இடம் வந்ததும் என் கற்பனை வேடிக்கையை நிறுத்திவிடும். எழுந்து மறுபடி நடப்பேன்.

"இன்னா ஜமீனு, காலு தரையில நிக்கல?"

"வயித்து நோவு அண்ணி."

"அப்போ நட. நடந்தா சரியாப் போவும். அப்டியே எண்ணூரு வரிக்கும் போய்க் கிளிஞ்சலு எடுத்துகினு வா."

போனேன். இன்னொரு நாள் கொருக்குப்பேட்டையிலிருந்து தவிட்டு மூட்டை. இன்னொரு நாள் கூண்டுக்கு வெள்ளையடிப்பு. தலைகீழ்ப் பலகையைக்கூட நேராக்கினேன். வாயைத் திறந்து சொல்லிவிடலாம் என்று மூன்று தரம் உங்கள் முன் வந்து நின்றேன். மூன்று தரமும் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுப் போனேன். கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், கோழிக்கூட்டில் ஒரு பாவம் செய்தேன் சாமி என்றேன். சாமியார் கோழித் திருட்டு என்று எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்துவிடு என்றார். எதைத் திருப்புவது? கடைசியில் திவானைத் தூக்கிக்கொண்டு வந்து, "குழம்பு வெச்சிடலாமா அண்ணி?" என்று கேட்டேன்.

"வாணாம், கெடக்கட்டும்" என்றீர்கள், அதன் வெறுங்கழுத்தைத் தடவியபடி. "அது இன்னா பண்ணிச்சு பாவம்." அந்த 'அது'வில் கொஞ்சம் அழுத்தம் இருந்தது. எனக்குக் கேட்கவில்லை.

பெந்தெகொஸ்தேக்கு நாலு நாள் முன்பு கப்பல் வந்தது. சங்குச் சத்தம் கேட்டதும் பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்தேன். பட்லர் வெறுங்கூடைகளோடு இறங்கி நேராக அந்த மூட்டைகளிடமே வந்தார்.

"மிஸ்டர். அந்த முட்டை..."

"தப்பு என்னுது ஐயா" என்று ஆரம்பித்தேன். திவான், சுவர், பாயிண்ட்ஸ்மேன், அரை மணி நேரம், ஒன்று விடாமல் கொட்டினேன். அந்த அம்மாவை விட்டுவிடுங்கள், என்னை வேண்டுமானால் நங்கூரத்தில் கட்டிக் கடலில் இறக்குங்கள் என்றேன். அவர் வெறுங்கூடைகளை என் காலடியில் இறக்கி வைத்தார்.

"ரங்கூன் போய் வர ஒரு முட்டை கெடல" என்றார். "கேப்டன் கேட்டாரு, இந்த அம்மா யாருன்னு. இனி எல்லா நடையும் அவங்க முட்டைதான். முப்பது டஜன்." பிறகு போகிற போக்கில், "சேவ வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நடந்தார்.

நான் வீட்டுக்கு ஓடிவந்த வேகத்தில் பின்னால் வந்த ஜட்கா வண்டிகள் மூச்சு வாங்கின. நீங்கள் முற்றத்து மூலையில், அந்த இரண்டு அடைக்கோழிகளுக்கு முன் குந்தியிருந்தீர்கள். திரும்பாமலே சொன்னீர்கள்.

"வா ஜமீனு. உன் வூட்டு ஜனம் வந்திருக்குது, பாரு."

ஒன்பது குஞ்சுகள். ஈரம் காய்ந்தும் காயாமலும். ஒன்பதுக்கும் கழுத்தில் ஒரு தூவி கிடையாது.

கோர்ட்டில் இப்படி ஒன்பது சாட்சிகள் ஒரே குரலில் நின்றால் எந்த வக்கீலும் கோட்டைக் கழற்றிவிடுவான். நான் தரையில் உட்கார்ந்தேன். மூன்று வாரத்தில் முதல் தடவை.

"எப்போ தெரியும் அண்ணி?"

"மொத நாளே. கோழி முதுகுல சுண்ணாம்புல மூணு வெரலு. எத்தினி கோழி, அத்தினி முதுகுலயும். கையெழுத்துப் போட்டுட்டுப் போய்க்கீது உன் தொர."

அதன்பின் நீங்கள் செய்ததைச் சொன்னீர்கள். வெயிலில் அட்டைத் துளை வழியே ஒவ்வொரு முட்டையாகப் பார்த்து, சிவப்பு நரம்பு ஓடியதையெல்லாம் பொறுக்கி அடைக்கோழிகளின் அடியில் வைத்தீர்கள். அதனால்தான் ஒரு வரிசை குறைந்தது. நரம்பு விடாததைக் கூடையோடு கொதிக்கக் காய்ந்த நீரில் முக்கி, ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லும் நேரம் வைத்து எடுத்தீர்கள். மாதாவுக்குச் சொல்லும் அந்தச் சின்னச் செபம்தான் உங்கள் கடிகாரம். "அதுக்கு மேல போனா வெந்துடும், அதுக்குள்ள எடுத்தா உள்ள உசிரு தங்கிடும்." சின்ன வயசில் மீஞ்சூர் வீட்டில் அடை முட்டையின் மேல் வெந்நீரைக் கவிழ்த்துவிட்டு அடி வாங்கினீர்களாம், ஒன்றுகூடப் பொரியவில்லையாம். அந்த அடி உங்களை மீஞ்சூருக்குப் போகாமல் காப்பாற்றியது.

"தெரிஞ்சுமா என்ன எண்ணூரு வரிக்கும் நடக்க விட்டீங்க?"

"நீ வாயால சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன். நீ காலாலதான் சொன்னே."

முன்கட்டிலிருந்து அண்ணனின் சிரிப்பு வந்தது. பேல் விழுந்தபின் அந்த வீடு கேட்ட முதல் சிரிப்பு. மனுஷர் மத்தியானங்களில் தூங்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மீஞ்சூர் வண்டி சொன்னபடி வந்தது. உங்கள் அண்ணன்மார் முட்டைக் குழம்பு சாப்பிட்டார்கள், மறுசோறு வாங்கினார்கள், ஒரு கூடை முட்டையை வண்டியில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். நீங்கள் வாசலில் நின்று வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்தீர்கள். பிறகு இறால் தலைக்கு நேரமாச்சு என்று காசிமேட்டுக்குக் கிளம்பிவிட்டீர்கள். இன்று ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் இடையில் வெறுங்கழுத்துக் கோழி எங்கே மேய்ந்தாலும் என்னைக் கண்டால் ஒரு நிமிஷம் நின்று பார்க்கிறது. உறவு முறை யோசிக்கிறது.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் இலையில் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்பீர்கள்: "இன்னும் வாயால சொல்லலியே ஜமீனு." நான் கையை மார்பில் வைத்து, பட்லரிடம் சொல்லியாகிவிட்டது, ஒரே குற்றத்துக்கு இரண்டு விசாரணை சட்டத்தில் இல்லை என்பேன். நீங்கள் கரண்டியால் இலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவீர்கள். இந்த ஈஸ்டருக்கும் கேட்டீர்கள். அடுத்ததற்குச் சொல்லிக்கொள்ளலாம், கேள்வி எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

மூன்று நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் மத்தியானம் நான் துறைமுகத்தில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தேன்.

காலையில் அந்தக் கூடைக்காரியிடம் இரண்டு முட்டை வாங்கினேன். சட்டைப் பையில் வைத்து, ஊர் முழுக்க நடந்து, உடையாமல் கொண்டுவந்துவிட்டேன். இதோ ஜன்னல் பலகையில் இருக்கின்றன. இப்போது எடுத்துக் காதில் வைத்துத் தட்டிப் பார்த்தேன். டிக். இரண்டும் நல்ல முட்டை.

ஆகையால் சொல்லிவிடுகிறேன், அண்ணி. திவானைச் சுவர் தாண்டி விட்டது நான்தான். காகிதத்தில் எழுதினால் வாயால் சொன்னதாகாது என்பீர்கள். அதனால் எழுதிய கையோடு உரக்கவும் சொன்னேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

இனி உட்காரலாமா என்று கேட்கிறேன். உங்கள் பதில் வரும்வரை இந்த ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஜமீன்